வெளிப்படையும் மறையும்: பொதுத் திறவுகோல் மறையீட்டியலின் தோற்ற வரலாறும் தமிழ்க் கலைச்சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

முன்பின் அறிமுகமில்லாத இருவர், பிறர் யாவரும் கேட்கக்கூடிய வழியில் பேசிக்கொண்டே தமக்குள் ஒரு மறைபொருளை ஏற்படுத்திக்கொள்ள இயலும் என்பதை 1970களில் நிறுவிய அறிவுத்துறை, பொதுத் திறவுகோல் மறையீட்டியல் ஆகும். இன்றைய இணைய வணிகமும் வங்கிப் பரிமாற்றமும் மின்கையொப்பமும் இதனை அடித்தளமாகக் கொண்டுள்ளன. இத்துறையை உருவாக்கியோரின் வரலாற்றையும், அவர்கள் தம் கருத்துக்கு இட்ட பெயர்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வழியே, தமிழில் வழங்கும் ‘பொதுத் திறவுகோல்’, ‘தனித் திறவுகோல்’ என்னும் கலைச்சொற்கள் கருத்தை எவ்வளவு சரியாக உணர்த்துகின்றன என்பதை மதிப்பிட்டு, மாற்றுச் சொல்லிணை ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மறையீட்டியல், திறவுகோல், சாவி, மின்கையொப்பம், கலைச்சொல்லாக்கம், குழூஉக்குறி

முன்னுரை

கிரிப்டோகிராபி என்று பரவலாக அறியப்படும் துறையைத் தமிழில் மறையீட்டியல் என்றும் குறியாக்கவியல் என்றும் வழங்குகின்றனர். இக்கட்டுரை முதற்சொல்லைக் கையாள்கிறது. செய்தியை மறைவடிவாக்குதல் மறையீடு எனவும், அதனை மீண்டும் தெளிவடிவாக்குதல் மறைநீக்கம் எனவும் இங்குக் குறிக்கப்பெறும்.

அறிவியல் கருத்தொன்று தமிழுக்கு வரும்போது, அதன் பெயரே மாணவருக்கு முதல் விளக்கமாக அமைகிறது. பெயர் தவறான எதிர்பார்ப்பை உண்டாக்குமாயின், பின்வரும் விளக்கம் அந்த எதிர்பார்ப்பை முதலில் களைய வேண்டியிருக்கும். பொதுத் திறவுகோல் என்னும் தொடர் அத்தகையது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதனைச் சோதிக்கக் கருத்தின் பிறப்பு வரலாறு தேவைப்படுகிறது. ஆகவே வரலாறு முதலிலும் சொல்லாய்வு அதன்பின்னும் இடம்பெறுகின்றன.

1. முன்னுடன்பாடு என்னும் தடை

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறிக்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு. அச்சொல் வெளியாருக்கு விளங்காமைக்கும் குழுவினருக்கு விளங்குவதற்கும் காரணம் ஒன்றே. பொருள் இன்னதென்று குழுவினர் முன்பே உடன்பட்டிருக்கின்றனர்.

1970 வரை மறையீட்டுக் கருவிகள் எவ்வளவு நுட்பமாக வளர்ந்தபோதிலும், இந்த முன்னுடன்பாடு என்னும் தேவை நீங்கவில்லை. அனுப்புநரும் பெறுநரும் ஒரே திறவுகோலை வைத்திருக்க வேண்டும். செய்தியை மறைக்கவும் மீட்கவும் அதுவே பயன்பட்டது. 1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியியல் அறிஞர், மறையீட்டு முறை பகைவர் கையில் சிக்கினாலும் கேடு விளையக்கூடாது என்றும், காக்கப்பட வேண்டியது திறவுகோல் மட்டுமே என்றும் வகுத்தார். முறை வெளிப்படையாகலாம் என்பதை அவர் ஏற்றார். திறவுகோல் வெளிப்படையாகலாம் என்று எவரும் கருதவில்லை.

இதனால் எழுந்த நடைமுறைச் சுமை பெரிது. ஓர் அமைப்பில் 1,000 பேர் இருந்து, ஒவ்வோர் இணையும் தமக்குள் தனித்துப் பேச விரும்பினால், 4,99,500 திறவுகோல்கள் வேண்டும். அவற்றை நம்பகமான தூதர் வழியே முன்கூட்டிக் கொண்டு சேர்க்கவும் வேண்டும். படைத்துறைக்கு இது செலவு மிகுந்த பணி. ஒருவரையொருவர் அறியாத வணிகருக்கோ இயலாத பணி.

2. மறைக்கப்பட்ட கண்டுபிடிப்பு

பிரித்தானிய அரசின் ஜி.சி.எச்.க்யூ. என்னும் தகவல்தொடர்பு உளவு அமைப்பில் பணியாற்றியவர் ஜேம்ஸ் எல்லிஸ். திறவுகோல் விநியோகச் சுமையைக் குறைக்க வழி தேடிய அவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்ட ஓர் அறிக்கையைக் கண்டார். தொலைபேசியில் கேட்பவரே வழித்தடத்தில் இரைச்சலைச் சேர்த்துப் பின்னர் அதனைக் கழித்துக்கொள்ளலாம் என்று அது கூறியது. அதாவது, செய்தியை மறைக்கும் பணியில் பெறுநரும் பங்குகொள்ள முடியும். பெறுநர் பங்குகொண்டால் முன்னுடன்பாடு தேவையில்லை. இவ்வாறு சிந்தித்த எல்லிஸ், 1970 சனவரியில் அளித்த உள்ளறிக்கையில் இம்முறை இருக்க இயலும் என நிறுவினார். ஆயினும் அதற்கேற்ற கணிதச் செயல் எதுவென்று அவருக்குப் புலப்படவில்லை.

1973இல் அவ்வமைப்பில் சேர்ந்த இளம் கணிதவியலர் கிளிஃபர்ட் காக்ஸ். எண்கோட்பாட்டில் பயிற்சியுடைய அவர், இருபெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது, பெருக்கற்பலனைப் பிரித்தல் அரிது என்னும் பண்பைக் கொண்டு எல்லிஸின் கருத்துக்குச் செயல்வடிவம் தந்தார். ஒரு மாலைப்பொழுதில் வீட்டில் இருந்தபோது அவர் இதனைச் சிந்தித்து முடித்தார் என்றும், அலுவலகச் செய்தியை வீட்டில் எழுதலாகாது என்னும் விதியால் மனத்திலேயே வைத்திருந்து மறுநாள் எழுதினார் என்றும் கூறுவர். அவருடைய பள்ளித் தோழரும் உடன்பணியாளருமான மால்கம் வில்லியம்சன், அடுக்கேற்றத்தை அடிப்படையாகக் கொண்ட வேறொரு முறையை 1974இல் கண்டார்.

எல்லிஸ் தம் கருத்துக்கு இட்ட பெயர் ‘இரகசியமற்ற மறையீடு’ என்னும் பொருளுடையது. பெயரிலேயே மறைவின்மையைக் கொண்ட அம்முறை 27 ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட்டது. எல்லிஸ் 1997 நவம்பர் 25ஆம் நாள் காலமானார். திசம்பர் 18ஆம் நாள் காக்ஸ் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் வழியே இவ்வரலாறு உலகறிய வெளிப்பட்டது. தம் பெயர் அறியப்படும் நாளை எல்லிஸ் காணவில்லை.

3. வெளியிடப்பட்ட கண்டுபிடிப்பு

எல்லிஸின் பணியை அறியாமலே அமெரிக்காவில் மூவர் இதே சிக்கலை அணுகினர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த ரால்ஃப் மெர்க்கில், 1974இல் ஒரு பாடத்துக்கான திட்டப்பணியாக இதனை முன்மொழிந்தார். ஆசிரியர் அதனை ஏற்கவில்லை. மெர்க்கில் அப்பாடத்தை விட்டு விலகிக் கருத்தைத் தொடர்ந்தார். ஒருவர் ஓரளவு கடினமான புதிர்கள் பலவற்றை வெளிப்படையாக அனுப்புகிறார். மற்றவர் அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து விடுவித்து, உள்ளிருக்கும் அடையாள எண்ணைத் தெரிவிக்கிறார். அப்புதிருள் இருக்கும் இரகசியம் இருவருக்கும் உரியதாகிறது. ஒட்டுக்கேட்பவரோ எந்தப் புதிர் என்று அறியாமல் சராசரியாகப் பாதிப் புதிர்களை விடுவிக்க வேண்டும். இக்கட்டுரை 1975இல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பப்பெற்று, நெடிய தாமதத்துக்குப் பின் 1978இல்தான் அச்சேறியது.

விட்ஃபீல்ட் டிஃபி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் ஹெல்மனை 1974இல் சந்தித்தார். டிஃபியை உறுத்திய வினாக்கள் இரண்டு. அறிமுகமற்ற இருவர் எவ்வாறு இரகசியம் பேசுவது என்பது ஒன்று. கணிப்பொறிவழி வரும் ஆவணத்தில் கைச்சாத்துக்கு நிகரானது எது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடையாக 1975இல் அவர் எண்ணியது, திறவுகோலை இரண்டாகப் பிரிப்பது. 1976 நவம்பரில் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட ‘மறையீட்டியலில் புதிய திசைகள்’ என்னும் பொருளுடைய கட்டுரை இதனை உலகுக்கு அறிவித்தது. பொதுத் திறவுகோல் என்னும் பெயரும் அவர்கள் வழியே நிலைபெற்றது.

அக்கட்டுரையில் உள்ள பரிமாற்ற முறையைச் சிறிய எண்களால் விளக்கலாம். 29 என்னும் பகா எண்ணும் 2 என்னும் அடியெண்ணும் யாவரும் அறிந்தவை. முதலாமவர் 5 என்னும் மறைவெண்ணைக் கொண்டு 2இன் 5ஆம் அடுக்கை 29ஆல் வகுத்து, மீதியாகிய 3ஐ அனுப்புகிறார். இரண்டாமவர் 8 என்னும் மறைவெண்ணைக் கொண்டு அவ்வாறே 24ஐ அனுப்புகிறார். முதலாமவர் 24இன் 5ஆம் அடுக்கையும், இரண்டாமவர் 3இன் 8ஆம் அடுக்கையும் 29ஆல் வகுக்க, இருவருக்கும் 7 கிடைக்கிறது. வழியில் சென்றவை 3, 24 ஆகிய இரண்டே. எண்கள் பல நூறு இலக்கங்கள் உடையனவாக இருப்பின், அவ்விரண்டிலிருந்து 7ஐ அடைவதற்கு எளிய வழி இன்றளவும் அறியப்படவில்லை.

4. பூட்டலும் திறத்தலும் பிரிந்த நிலை

டிஃபியும் ஹெல்மனும் இரு திறவுகோல்களின் தேவையை வரையறுத்தனரேயன்றி, அதனை முழுமையாக நிறைவேற்றும் கணிதச் செயலைத் தரவில்லை. எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ரொனால்ட் ரிவெஸ்ட், அடி ஷமீர், லியோனார்ட் ஏடில்மன் ஆகியோர் 1977இல் அதனைக் கண்டனர். ரிவெஸ்டும் ஷமீரும் முறைகளை முன்மொழிய, அவற்றை உடைத்துக் காட்டியவர் ஏடில்மன். அவரால் உடைக்க முடியாமற்போன முறையே மூவர் பெயரின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. எனப்பட்டது. அடிப்படையில் இது காக்ஸ் 1973இல் கண்டதே. இதனை மூவரும் அறிந்திருக்க வழியில்லை.

இம்முறையின் செயல்பாடு பின்வருமாறு:

5, 11 என்னும் பகா எண்களின் பெருக்கற்பலன் 55. ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துப் பெருக்கக் கிடைப்பது 40. 40உடன் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத 3ஐ ஒரு திறவுகோலாகக் கொள்வோம். 3ஆல் பெருக்கி 40ஆல் வகுக்க 1 மீதியாகும் எண் 27. இது மற்றொரு திறவுகோல். 55உம் 3உம் யாவருக்கும் அறிவிக்கப்படுகின்றன. 27 உரியவரிடம் மட்டும் இருக்கிறது.

அவருக்கு 8 என்னும் செய்தியை அனுப்ப விரும்புவோர், 8இன் 3ஆம் அடுக்காகிய 512ஐ 55ஆல் வகுத்து மீதி 17ஐ அனுப்புவர். பெறுநர் 17இன் 27ஆம் அடுக்கை 55ஆல் வகுத்து மீண்டும் 8ஐப் பெறுவார். இங்கு 3 பூட்டுகிறது, 27 திறக்கிறது. பூட்டியவரே தாம் பூட்டியதை 3ஐக் கொண்டு திறக்க இயலாது.

இதே எண்களை மறுதலையாகவும் ஆளலாம். உரியவர் 8 என்னும் ஆவணத்தை ஏற்றதற்குச் சான்றாக, 8இன் 27ஆம் அடுக்கை 55ஆல் வகுத்து மீதி 2ஐ இணைத்து அனுப்புகிறார். எவரும் 2இன் 3ஆம் அடுக்கை எடுத்து 8 வருவதைக் கண்டு சரிபார்க்கலாம். 27ஐ அறியாதவர் இதனை உருவாக்க இயலாது. இதுவே மின்கையொப்பம். இங்கு 27 முத்திரையிடுகிறது. 3 அம்முத்திரையை ஆய்கிறது.

ஒரே இணை இருவகைப் பணிக்கும் உதவுவது இக்கண்டுபிடிப்பின் முழுப்பயன். எல்லிஸும் காக்ஸும் எழுதிய அறிக்கைகள் மறையீட்டைப் பற்றியே பேசுகின்றன. தூதுச் செலவைக் குறைப்பதே அவர்கள் அமைப்பின் நோக்கம். அந்நியர்க்கிடையே நம்பிக்கை எவ்வாறு உருவாகும் என்று வினவிய டிஃபிக்குக் கையொப்பமும் உடன்தோன்றியது. எழுப்பப்பட்ட வினாவின் எல்லையே விடையின் எல்லையை வகுத்தது எனலாம்.

5. வெளியீட்டின் விலையும் பயனும்

அறிவை வெளியிடுவது அக்காலத்தில் எளிதாக இருக்கவில்லை. 1977இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஊழியர் ஒருவர், மறையீட்டு ஆய்வுகளை வெளியிடுதல் படைக்கல ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று ஆய்விதழ் அமைப்புக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கில், மாணவர்களாகிய மெர்க்கிலும் ஸ்டீபன் போலிக்கும் படிக்க வேண்டிய கட்டுரைகளை, வழக்கு எழின் அவர்கள் பாதிக்கப்படுவர் என்னும் சட்ட அறிவுரையின்படி, ஹெல்மனே படித்தார். மாணவர் ஆய்வைப் பேராசிரியர் தம் பெயர்க்கு ஆக்கிக்கொள்ளவில்லை. அவர்தம் இடரைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார்.

வெளியீட்டின் பயன் வேறு வகையிலும் புலப்பட்டது. 1977 ஆகஸ்டில் அறிவியல் இதழொன்றில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தியில், 129 இலக்க எண்ணால் மறைக்கப்பட்ட செய்தி ஒன்று பொதுமக்களுக்கு அறைகூவலாக வைக்கப்பட்டது. 1994இல் ஏறத்தாழ 600 தன்னார்வலரின் கணிப்பொறிகளைக் கொண்டு அவ்வெண் காரணிப்படுத்தப்பட்டது. இதனால் முறை வீழ்ந்துவிடவில்லை. எவ்வளவு பெரிய எண் போதுமானது என்னும் அளவுகோல் கிடைத்தது. பலரும் உடைக்க முயன்றும் நிற்பதே நம்பத்தக்கது என்னும் நெறி இங்கு உறுதிப்பட்டது.

ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் 2002ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதையும், டிஃபியும் ஹெல்மனும் 2015ஆம் ஆண்டுக்குரிய அவ்விருதையும் பெற்றனர். மெர்க்கில் அவ்விருதில் இடம்பெறவில்லை. பரிமாற்ற முறைக்குப் பெயரிடுவதானால் மெர்க்கிலின் பெயரும் சேர வேண்டும் என்று 2002இல் ஹெல்மன் எழுதினார்.

6. தமிழ்க் கலைச்சொல் மதிப்பீடு

மேற்கண்ட வரலாற்றின் ஒளியில் பொதுத் திறவுகோல், தனித் திறவுகோல் ஆகிய தொடர்களின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

திறவுகோல்: திறவு, கோல் என்னும் இரு சொற்களால் ஆனது இது. ‘திற’ என்னும் வினையைத் தன்னுள் வெளிப்படையாகத் தாங்கியது. வழக்கிலுள்ள பூட்டுகளில் திறக்கும் கோலே பூட்டவும் செய்வதால் இதனால் இடர்ப்பாடு இல்லை. பூட்டலும் திறத்தலும் பிரிந்துவிட்ட இத்துறையிலோ, மறையீட்டின்போது எதையும் திறக்க இயலாத ஒன்று ‘திறவுகோல்’ எனப்படுகிறது. ‘பொதுப் பூட்டு’ என்று மாற்றினால் மறையீட்டுக்குப் பொருந்தும். ஆனால் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது அதே எண் பூட்டாக இயங்குவதில்லை. ஆகவே ஒரு வினையைச் சுமந்த சொல் எதுவும் இவ்விடத்துக்கு முழுமையாகப் பொருந்தாது.

சாவி: இது போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். அதன் மூலமாகிய இலத்தீன் சொல், ‘மூடு’ என்னும் பொருளுடைய வினையோடு வேர்த்தொடர்பு உடையது. தமிழிலோ அதற்கு வினைப்பொருள் ஏதும் உணரப்படுவதில்லை. சாவி போட்டுப் பூட்டினான், சாவி போட்டுத் திறந்தான் என இருவகையாலும் வழங்குகிறோம். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தல் என்னும் வழக்கில், பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. ஆகவே பணி எதுவாயினும் ஏற்கும் நெகிழ்ச்சி இச்சொல்லுக்கு உண்டு. தூய தமிழ்ச்சொல் வேண்டும் என்னும் நோக்கு மதிக்கத்தக்கதே. எனினும் இங்குக் கருத்துத் தெளிவு முன்னிற்கிறது.

பொது: இச்சொல்லுக்கு ‘யாவரும் அறியத்தக்க’ என்னும் பொருளோடு, ‘இருவருக்கும் உரிய’ என்னும் பொருளும் உண்டு. பள்ளிக் கணிதத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்னுமிடத்து இரண்டாம் பொருளே உள்ளது. ஆர்.எஸ்.ஏ. முறையை விளக்கும்போது இக்கட்டுரையும் ‘பொதுக் காரணி’ என்னும் சொல்லை ஆள நேர்ந்தது. ஒரே பாடத்தில் ஒரு சொல் இருபொருளில் வருவது மட்டுமன்று இடர். இருவருக்கும் பொதுவான திறவுகோல் என்பது பழைய முறையின் இயல்பு. பழைய முறைக்குப் பொருந்தும் பெயரைப் புதிய முறைக்கு இட்டிருக்கிறோம் என்பதே இதன் விளைவு.

தனி: இவ்வடை ஒருவருக்கே உரியது என்பதை உணர்த்துகிறது. ஆனால் இணையின் இரு திறவுகோல்களும் ஒருவருக்கே உரியவை. அறிவிக்கப்பட்டதனால் 3 என்னும் எண் ஊருக்கு உரியதாகிவிடவில்லை. அதுவும் அவரையே சுட்டும் அடையாளம். ஆகவே ‘தனி’ என்பது வேறுபாட்டை உணர்த்தவில்லை.

இரண்டையும் வேறுபடுத்துவது வெளிப்பட்டிருத்தல், மறைந்திருத்தல் என்னும் நிலை மட்டுமே. இதனைக் கருதி, வெளிப்படைச் சாவி, மறைசாவி என்னும் சொல்லிணையை இக்கட்டுரை முன்மொழிகிறது. எல்லிஸ் இட்ட பெயரும் மறைவின்மையையே அடையாளமாகக் கொண்டது என்பது இங்கு நினையத்தக்கது. மேலும், குவாண்டம் கணிப்பொறிகளின் தாக்குதலையும் தாங்கத்தக்கதாக 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட புதிய தரங்களுள், திறவுகோலைப் பொதிந்து அனுப்புவதற்குரிய ஒன்று, ‘பொதிவதற்குரியது’, ‘பொதி அவிழ்ப்பதற்குரியது’ என்னும் பொருளில் அவ்விணையைக் குறிக்கிறது. பணி ஒன்றே உள்ள இடத்தில் பணியால் பெயரிடலாம் என்பதையும், பணி பலவாக உள்ள இடத்தில் நிலையால் பெயரிடுதலே தக்கது என்பதையும் இது உணர்த்துகிறது.

இது சொல் அளவில் நின்றுவிடும் சிக்கலன்று. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, கையொப்பத்தை உருவாக்குவதற்குரியதையும் சரிபார்ப்பதற்குரியதையும் தனித்தனியே வரையறுக்கிறது. உருவாக்குவதைத் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்துக் காக்கும் கடமையை 42ஆம் பிரிவு உரியவர்மேல் சுமத்துகிறது. தம் கையொப்பச் சாதனத்தையும் அதன் கடவுச்சொல்லையும் பிறரிடம் ஒப்படைப்பவர், ‘தனித் திறவுகோல்’ என்னும் தொடரில் எச்சரிக்கை எதையும் காண்பதில்லை. மறைசாவி என்னும் சொல், காக்கப்பட வேண்டியது அது என்பதைத் தானே கூறுகிறது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

மறையீட்டின் வரலாற்றில் நெடுங்காலம் பிரியாதிருந்த பூட்டல், திறத்தல் ஆகிய செயல்களைப் பிரித்ததே பொதுத் திறவுகோல் மறையீட்டியலின் அடிப்படை. இதனால் முன்னுடன்பாடு என்னும் தேவை நீங்கியது.

இக்கருத்தை எல்லிஸ், காக்ஸ், வில்லியம்சன் ஆகியோர் முதலில் கண்டனர். மெர்க்கில், டிஃபி, ஹெல்மன், ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் அதனைத் தாமே கண்டு வெளியிட்டனர். முதன்மை முன்னவர்க்கு உரியது. உலகம் பெற்ற பயனோ, பின்னவர் செய்த வெளியீட்டால் விளைந்தது.

‘திறவுகோல்’, ‘பொது’, ‘தனி’ ஆகிய மூன்று சொற்களும் இத்துறையின் வேறுபாட்டை உணர்த்துவதில் குறைவுடையன. வெளிப்படைச் சாவி, மறைசாவி என்னும் இணை அவ்வேறுபாட்டை நேரே சுட்டுகிறது. வேரூன்றிய பழைய தொடர்களே தொடர்ந்து வழங்குமாயினும், பாடநூல்களில் அவற்றின் முதல் வருகையிலேயே இவ்வேறுபாடு விளக்கப்பெறுதல் வேண்டும்.

கலைச்சொல்லாக்கத்தில் மூலமொழிச் சொல்லை உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்ப்பதைக் காட்டிலும், கருத்து பிறந்த வரலாற்றை அறிந்து, அது எதனை எதனிலிருந்து வேறுபடுத்துகிறது என்று கண்டு பெயரிடுதல் சிறக்கும். பிற கணினியியல் கலைச்சொற்களையும் இம்முறையில் ஆராய இடமுண்டு.